எடுக்காமல் விட்ட வரி

கட்டுக்கலை, கண்டி
11 பெப்ரவரி 2024

அன்புள்ள தம்பி கிஷானுக்கு,

மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் டுபாயில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு வரிக்கு மேல் படிக்காமல் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால் ஈமெயிலில் கடிதமாகவே எழுதுகிறேன். முழுவதும் வாசி.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. ஆனாலும் பூசைக்கு நடந்தேதான் போவேன் என்கிறார். போன சனிக்கிழமை உன் மனைவி ஜெனிபரும் குட்டி மிச்செலும் மஹியாவையிலிருந்து வந்தார்கள். சுவரில் இருக்கிற உன் படத்தைக் காட்டி "டாடி போன்லதான் இருக்காரு" என்றாள் மிச்செல். மூன்று வயதுப் பிள்ளைக்கு வேறு எப்படித் தெரியும்?

இனி விசயத்துக்கு வருகிறேன். ஞாயிறுகளில் நான் பன்வில பக்கத் தோட்டத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பது உனக்குத் தெரியும். போன மாதம் அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் குளவி கொட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. தோட்டத்து அறிக்கையில் இருதய நோய் என்று எழுதிவிட்டார்கள். அந்த மலையில் கூடு இருந்தது ஐந்தாறு பேருக்கு முன்பே தெரியும். சொன்னால், "நீ கொழுந்து பறிக்க வந்தியா, கூடு எண்ண வந்தியா" என்று கேட்பார்களாம். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அதனால் ஒன்று செய்யப் போகிறேன். கூட்டைப் பார்த்தவர்கள் ஒரு நம்பருக்கு மெசேஜ் அனுப்பட்டும். டிவிசன், கொழுந்து பறிக்கிற மலையின் நம்பர், எத்தனை கூடு, அவ்வளவுதான். அது என் ப்ரோகிராமுக்கு வந்து வரைபடத்தில் புள்ளியாக விழும். வேலைக்குப் போகிறவர்கள் மலை நம்பரை அனுப்பிக் கேட்டால், அங்கே கூடு இருக்கிறதா என்று பதில் வரும். டாக்டர்களும் பத்திரிகைக்காரர்களும் எடுத்துப் பார்க்க ஒரு ஏபிஐயும் வைப்பேன். அனுப்பியவர் யார் என்று மட்டும் எங்கேயும் இருக்கக் கூடாது. தெரிந்தால் அந்தப் பெண்களின் வேலை போய்விடும்.

சர்வர் வாங்கி ஓட்ட நமக்கு வசதியில்லை. கிளவுடில் சர்வர்லெஸ்ஸாகப் போட்டால் போதும். ஆனால் கணக்குத் திறக்க கிரெடிட் கார்ட் கேட்கிறார்கள், என் கார்டை மூன்று தரம் தள்ளிவிட்டது. உன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து தருவாயா?

அன்புடன்,
அக்கா பெற்றீசியா

*

டுபாய்
14 பெப்ரவரி 2024

அன்பான அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். அப்பாவின் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், தேய்த்துவிடுங்கள்.

கடிதத்தை முழுவதும் வாசித்தேன், சத்தியமாக. ஒபிசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துவிட்டுச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். நாமும் புசல்லாவையில் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்கள்தானே. பெரியம்மாவைக் குளவி கொட்டி முகம் வீங்கிக் கிடந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கணக்குத் திறந்துவிட்டேன். உங்களுக்கு ஒரு தனிப் பயனர் செய்து, சாவிகளை வேறாக அனுப்பியிருக்கிறேன். பெரிய சாவி என்னிடம் இருக்கும். எழுதிய ப்ரோகிராமைக் கிளவுடில் ஏற்றுவதற்கு முன் எனக்கும் காட்டுங்கள், நீங்கள் அவசரக்காரி.

இது நம் இரண்டு பேர் வேலை, அக்கா. நான் இருக்கிறேன்.

என்றும் அன்புத் தம்பி,
கிஷான்

*

கட்டுக்கலை
24 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

குருத்தோலை ஞாயிறு ஆசீர் உனக்கு உண்டாகட்டும். இங்கே எல்லோரும் சுகம். தைலம் நல்லது என்று அப்பா தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார், இனிப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நீதான் அனுப்ப வேண்டும்.

நம்முடையது ஓடுகிறது. மூன்று வாரமாகிவிட்டது. மூன்றாம் டிவிசனில் செபமாலை என்று ஒரு அக்கா இருக்கிறார். ஐம்பத்துநாலு வயது, கறுத்து மெலிந்த ஆள், யாருக்கும் பயப்படமாட்டார். முதல் மெசேஜ் அவருடையதுதான். "சர்வரே இல்லாம இது எப்படிப் புள்ள ஓடுது?" என்று கேட்டார். சர்வர் இல்லாமல் இல்லை, எங்கேயோ யாருடையதோ ஒரு மெஷின், நீங்கள் மெசேஜ் அனுப்பினால் அரை நொடி எழும்பி வேலை செய்துவிட்டுப் போய்விடும் என்றேன். "அப்ப அது செக்ரோல்ல நிரந்தரமா உள்ள ஆளு இல்ல, கைக்காசு ஆளு. வேலை இருந்தா மட்டும் கூப்புடுவாங்க" என்றார். நான் ப்ரோகிராம் எழுதுகிற ஒபிசில் இரண்டு மணித்தியாலம் ஸ்லைடு போட்டு விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் தரம் அனுப்புகிறவர்கள் இரண்டாம் தரம் அனுப்புவதே இல்லை. செபமாலையக்காவைத் தவிர ஒரு ஆள்கூட இல்லை. ப்ரோகிராமில் பிழை தெரியவில்லை, பதிலும் ஒழுங்காகத்தான் போகிறது. நேரில் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என்னவென்று கொஞ்சம் பார்.

அன்புடன்,
அக்கா

*

டுபாய்
27 மார்ச் 2024

அன்பான அக்காவுக்கு,

உங்கள் ஆசீருக்கு நன்றி. பெரிய வியாழனுக்கு இங்கே லீவில்லை, பூசைக்குப் போனால்தான் உண்டு.

நம் ப்ரோகிராம் வருகிற மெசேஜை வெட்டி, எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீசிவிடுகிறது. அதனால் என்ன பிழை என்று பார்க்க ஒன்றுமே மிஞ்சுவதில்லை. இன்றைக்கு நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். வருகிற மெசேஜ் முழுவதையும், அனுப்பிய போன் நம்பரையும், நேரத்தையும் அது லொக்கில் எழுதும். மெஷின் தனக்கு எழுதிக்கொள்கிற டயரி போல. இரண்டு நாள் ஓடட்டும், காரணத்தைப் பிடித்துவிடலாம். பிறகு அந்த வரியை எடுத்துவிடுவோம். லொக்கைப் பார்க்க என் சாவியாலும் உங்கள் சாவியாலும் மட்டும்தான் முடியும்.

தம்பி,
கிஷான்

*

கட்டுக்கலை
3 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. சுகம், சுகம், எல்லோரும் சுகம். சிரிப்பில் எனக்குத்தான் வயிறு வலிக்கிறது.

லொக்கைப் பார்த்தேன். நம் பதிலுக்கு ஒரு பெண் திருப்பி எழுதியிருக்கிறாள்: "ஐயா மன்னிச்சிருங்க இனி அனுப்ப மாட்டேன் பேர் போடுங்க." எனக்கு விளங்கவில்லை. செபமாலையக்காவிடம் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நாம் அனுப்புகிற பதில் என்ன? "நன்றி. உங்கள் பேர் பதியப்படாது." யாரும் பயப்படக் கூடாது என்று நான் யோசித்து யோசித்து எழுதிய வாக்கியம். தோட்டத்தில் பேர் போடுவது என்றால் அன்றைய நாளை செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பதிவது இல்லையா? பேர் விழுந்தால்தான் நாள் கூலி, கிலோ குறைந்தால் அரைப்பேர். குளவிக் கூட்டைப் பற்றிச் சொன்ன ஒவ்வொருத்திக்கும், இன்றைக்கு உனக்குக் கூலி கிடையாது என்று நான் நன்றியோடு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். லயத்தில் பிறந்த பெண் நான். டவுனுக்கு வந்து பதினாறு வருசத்தில் அந்தச் சொல்லே மறந்துபோயிருக்கிறது. சிரித்து முடித்த பிறகு வெட்கமாக இருந்தது.

பதிலை மாற்றிவிட்டேன்: "நீங்க யாருன்னு யாருக்கும் தெரியாது." வீடு வீடாகப் போய் அதையே வாயாலும் சொன்னேன். கிறிஸ்துவின் பெயரால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த நான்கு நாளில் நாற்பது மெசேஜ் வந்திருக்கிறது.

காரணம் கிடைத்துவிட்டது, இனி அந்த வரி வேண்டாம். நானே எடுக்கப் பார்த்தேன். அந்த ஒரு பகுதியை மட்டும் நீ பூட்டி வைத்திருக்கிறாய், என் சாவிக்கு அனுமதியில்லை என்கிறது. மறக்காமல் எடுத்துவிடு. உள்ளதையும் அழித்துவிடு.

அக்கா

*

டுபாய்
19 மே 2024

அன்பான அக்காவுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும். வேலை கழுத்தை நெரிக்கிறது. எனக்குச் சுகத்தில் குறையில்லை. பேர் கதையை நண்பர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் கம்பனிக்கு இலங்கையில் ஒரு பெரிய வேலை வரப்போகிறது. தோட்டக் கம்பனி ஒன்றுக்கு செக்ரோல் முழுவதையும் கிளவுடுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். உங்கள் பன்வில தோட்டமும் அவர்களுடையதுதான். வேலை கிடைத்தால் அங்கே பொறுப்பாக ஒருவரைக் கண்டிக்கு அனுப்புவார்கள். தமிழும் சிங்களமும் தெரிந்த ஆள் இங்கே என்னை விட்டால் யார்? மிச்செலைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாளில் நான் பக்கத்தில் நிற்க வேண்டும், அக்கா. அது மட்டும் நடந்தால் போதும்.

நம் வேலை எப்படிப் போகிறது? எந்தெந்த டிவிசனிலிருந்து கூடுதலாக வருகிறது?

அன்புத் தம்பி,
கிஷான்

*

கட்டுக்கலை
23 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அவருக்கு முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னறைக்குப் பெயின்ற் அடிக்க ஆள் பிடித்துவிட்டார். கிஷான் மஹியாவையில் மாமியார் வீட்டில் தங்குவான் என்றால் கேட்பதாயில்லை. சண்டே சண்டே வந்து படுப்பானாம்.

நம்முடையது நன்றாகப் போகிறது. மூன்றாம் டிவிசன்தான் முன்னால் நிற்கிறது. மடவளை நஸீம் என்று ஒரு பத்திரிகைக்காரர் நம் ஏபிஐயிலிருந்து எடுத்து, ஒரே தோட்டத்தில் அறுபத்தொரு கூடு என்று அரைப் பக்கம் எழுதிவிட்டார். மறு வாரமே தோட்டத்தில் ஆள் பிடித்து இருபது கூட்டுக்கு மேல் எரித்தார்கள். செபமாலையக்கா எனக்கு ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் தந்தார். தோட்டத்துத் துரை மட்டும், காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரிக்கிற பிரட்டில் நின்று, "வெளிய கதை சொல்றது யாருன்னு கண்டுபுடிக்காம விடமாட்டேன்" என்று கத்தினாராம். கத்தட்டும். நம்மிடம் யாருடைய பெயரும் இல்லை.

அந்த வரியை எடுத்துவிட்டாய்தானே? போன கடிதத்தில் நீ அதைப் பற்றிச் சொல்லவில்லை.

அன்புடன்,
அக்கா

*

டுபாய்
4 ஆகஸ்ட் 2024

அன்பான அக்காவுக்கு,

சுகம். அங்கே மழை என்று கேள்விப்பட்டேன், அப்பாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை உறுதியாகிவிட்டது. நவம்பர் நாலாம் திகதி கண்டியில் பொறுப்பெடுக்கிறேன். ஜெனிபர் போனில் அழுதுவிட்டாள்.

ஒரு விசயம். குளவி வேலையைக் கொஞ்ச நாளுக்கு நிறுத்தி வைக்க முடியுமா? கணக்கு என் பெயரில் இருக்கிறது, கம்பனிக்கு அது சரியாகப் படாது. மற்றதை நேரில் பேசுவோம். எல்லாவற்றையும் எழுத்தில் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

கிஷான்

*

கட்டுக்கலை
25 ஆகஸ்ட் 2024

தம்பி கிஷானுக்கு,

நாங்கள் சுகம். பெரஹரா முடிந்து டவுன் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

போன புதன்கிழமை காலைப் பிரட்டில் துரை ஒரு கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு பதினான்கு பெண்களைத் தனியாக நிற்க வைத்தார். "இவங்களுக்கு இனி இந்தத் தோட்டத்துல வேலை இல்ல" என்றார். செபமாலையக்கா சும்மா இருப்பாரா? கடதாசியைக் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்திருக்கிறார். அதில் அவர்கள் அனுப்பிய மெசேஜ்கள், திகதியோடும் நேரத்தோடும், எழுதியது எழுதியபடியே இருந்தன. அவருக்குக் குளவி என்று எழுத வராது, கொலவி என்றுதான் எழுதுவார். கடதாசியிலும் கொலவி என்றே இருந்தது. அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

நம் டேட்டாபேஸில் எண்களைத் தவிர ஒன்றும் இல்லை, உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கொலவி என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். போய்ப் பார்த்தேன். நீ போட்ட வரி அப்படியே இருக்கிறது. ஐந்து மாதம் ஒவ்வொரு மெசேஜையும் ஒவ்வொரு போன் நம்பரையும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நம்பர்களுக்கு உரிய ஆள் யார் என்று பார்க்கத் தோட்டத்துக்குப் பெயரும் போன் நம்பரும் உள்ள செக்ரோல் இருக்கிறது. ஜூலை முப்பதாம் திகதி, மாலை நாலு பத்துக்கு, லொக் முழுவதையும் யாரோ இறக்கியிருக்கிறார்கள். பயனர் பெயர் கிஷான். ஐந்து நாள் கழித்துத்தான் வேலை உறுதி என்று எனக்கு எழுதினாய்.

செபமாலையக்கா என்னைத் திட்டவில்லை. "யாருக்கும் தெரியாதுன்னு சொன்னியே புள்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரே ஒரு கேள்வி. நீ கொடுத்தாயா? ஓம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது.

பெற்றீசியா

*

டுபாய்
26 செப்டெம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க எப்போதும் வேண்டிக்கொள்கிறேன். எனக்கு இரண்டு வாரமாகக் காய்ச்சல், அதனால்தான் பதில் எழுத முடியவில்லை.

உங்கள் கடிதம் மிகவும் வேதனையாக இருந்தது. நடந்தது நடந்திருக்கக் கூடாது. புது சிஸ்டத்தைச் சோதிக்க நிஜமான தகவல் கொஞ்சம் வேண்டும் என்று மேலே கேட்டார்கள். அப்படிக் கொடுக்கப்பட்டவற்றோடு சேர்ந்து அதுவும் போயிருக்கலாம். கோப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இந்தத் தொழிலில் இப்படி நடப்பதுண்டு, உங்களுக்கே தெரியும். அந்தப் பெண்களின் நிலை கவலைக்குரியதுதான். நான் வந்து பொறுப்பெடுத்த பிறகு, செக்ரோல் என் கையில்தான் இருக்கும். அவர்களைத் திரும்பச் சேர்க்க ஏதாவது வழி பார்க்கலாம்.

இனிமேல் யாருக்கும் தொல்லை வரக் கூடாது என்பதற்காக, கிளவுட் கணக்கை 19ஆம் திகதி மூடிவிட்டேன். அதில் இருந்த எல்லாமே அழிந்துவிட்டது. இனி பயமில்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். வயதான ஆள், தாங்கமாட்டார். நான் யாருக்காக இவ்வளவும் படுகிறேன், அக்கா? மிச்செல் என்னைப் பார்த்தால் ஒளிந்துகொள்கிற மாதிரி வளரக் கூடாது என்றுதானே.

அன்புத் தம்பி,
கிஷான்

*

கட்டுக்கலை
27 ஒக்டோபர் 2024

கிஷானுக்கு,

காய்ச்சல் சுகமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவுக்குச் சுகமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். கேட்டார்கள், போயிருக்கலாம், நடந்திருக்கக் கூடாது. செய்த ஆள் அதில் எங்கேயும் இல்லை. நான் கேட்டது ஓம் அல்லது இல்லை. இரண்டும் அதில் இல்லை. வரி இருந்தது என் பிழையும்தான், எடுத்துவிட்டாயா என்று ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். லொக்கைத் திறந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. உன்னை நம்பினேன். அந்தப் பிழைக்குப் பதினான்கு வீட்டுப் படியிலும் நின்று மன்னிப்புக் கேட்டேன். ஒன்பது வீட்டில் உள்ளே கூப்பிட்டார்கள். ஐந்து வீட்டில் கூப்பிடவில்லை.

கணக்கை மூடினால் யாருக்கும் தொல்லை இல்லை என்று எழுதியிருக்கிறாய். நீ மூடியது செப்டெம்பர் பத்தொன்பது. இருபத்தோராம் திகதி, முதலாம் டிவிசனில், பன்னிரண்டாம் மலைக்கு நான்கு பெண்கள் போனார்கள். போகுமுன் ஒருத்தி மலை நம்பரை அனுப்பிக் கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் கூடு இல்லை என்று நினைத்துப் போயிருக்கிறார்கள். குளவி கொட்டி நான்கு பேரும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மூன்று பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பதில் கேட்டு அனுப்பியவளுக்கு ஒரு கண் இன்னும் தெரியவில்லை.

எல்லாம் அழிந்துவிட்டது என்கிறாய். எனக்கு அவசரக்காரி என்று பெயர் வைத்தவன் நீ. கொலவி என்ற சொல்லைக் கடதாசியில் கண்ட அன்றே, உனக்கு எழுதுவதற்கு முன், லொக்கையும் இறக்கியவரின் பதிவையும் பிரதி எடுத்துவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை லேபர் ஒபிசில் கொடுத்தேன். அங்கே இருந்த அதிகாரி அம்மா, இறக்கிய ஆளை உங்களுக்குத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். தெரியும், என் கூடப் பிறந்த தம்பி என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன். எழுதினார், கையெழுத்துப் போட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவினார். மூன்றாம் நாள், "எந்தத் தோட்டத்துக்காரங்கன்னு தெரிஞ்சுதான் குடுத்தானா?" என்று கேட்டார். தெரிந்துதான் என்றேன். தெரியாமல் கொடுத்தான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அவர் படுத்தவர் இன்னும் சரியாக எழும்பவில்லை.

நீ வீட்டுக்கு வர வேண்டும் என்று நாங்களும்தான் ஏங்கினோம். வெறும் கையோடு வந்திருந்தாலும் சோறு போட்டிருப்பேன். ஜெனிபரும் மிச்செலும் எப்போதும் போல இங்கே வரலாம், அவர்களிடம் எனக்கு ஒன்றும் இல்லை.

நவம்பர் நாலாம் திகதி திங்கட்கிழமை, புது செக்ரோலைத் தொடங்கி வைக்க நீ காலைப் பிரட்டுக்கு வருகிறாய் என்று தோட்டத்தில் நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். அந்தப் பதினான்கு பேரும் தோட்ட வாசல் கேட்டடிக்கு வருகிறார்கள். கத்தமாட்டார்கள், கல்லெறியமாட்டார்கள், நிற்பார்கள். நீ அவர்களில் ஒருத்தியின் முகத்தைக்கூடப் பார்த்தது கிடையாது, அதனால் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போய்விடலாம்.

நானும் அவர்களோடு முன்வரிசையில் நிற்பேன். என்னைத் தாண்டித்தான் நீ உள்ளே போக வேண்டும்.

பெற்றீசியா